நெஞ்சில் கட்டும் நீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு மகள் எழுதிக் கேட்டிருப்பது இது. 58 வயதான அவருடைய தந்தைக்கு வலப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது. இரண்டு மாதங்களில் மூன்று முறை ஊசி வழியாக நீரை எடுத்தும், ஒவ்வொரு முறையும் இரண்டு வாரத்துக்குள் மீண்டும் சேர்ந்துவிடுகிறது. சளியிலும் நீரிலும் காசநோய்க் கிருமி தென்படவில்லை. ஆனாலும் நீரில் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருந்ததால் காசநோய் மாத்திரைகள் தொடங்கப்பட்டு ஆறு வாரங்கள் ஆகிவிட்டன, மூச்சுத்திணறல் குறையவில்லை. எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகவே இருக்கிறது. "காசநோயும் இதயக் கோளாறும் இல்லையென்றால், வேறு எந்த அபூர்வமான காரணங்களால் இப்படி நீர் சேரும்? புற்றுநோயாக இருக்குமா?" என்பது அவருடைய கேள்வி. அறிக்கையிலிருந்து சில எண்களையும் எழுதியிருக்கிறார்: 100 மில்லி நீரில் புரதம் 1.6 கிராம், காசநோயில் கூடும் ஏடிஏ என்னும் நொதியின் அளவு 9. இரத்தத்தில் மொத்தப் புரதம் 6.4 கிராம், அதில் ஆல்புமின் என்னும் புரதம் 2.7 கிராம்.

நுரையீரல் நோய்களுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, இந்தக் கேள்வியில் மிகவும் பயன்படுவது கடைசியில் எழுதப்பட்டிருக்கும் அந்த எண்கள்தாம். நெஞ்சில் சேர்ந்த நீர் தான் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் தானே சொல்லிவிடும். உரிய பரிசோதனையை நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆய்வகம் நாம் கேட்டதை மட்டுமே பார்த்துத் தரும். கேட்காத சோதனைக்குள் நோய் ஒளிந்திருந்தால் அது மாதக்கணக்கில் ஒளிந்தே இருக்கும்.

முதலில் இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது" என்று நாம் பேச்சில் சொல்வது இரண்டு வேறு நிலைகளைக் குறிக்கும். நுரையீரலின் காற்றறைகளுக்குள்ளேயே நீர் நிறைவது ஒன்று. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் நெஞ்சுச்சுவரின் உட்புறச் சவ்வுக்கும் இடையே நீர் தேங்குவது மற்றொன்று; இங்கே பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி. நலமாக இருப்பவருக்கும் அந்த இடைவெளியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு நீர் இருக்கும். மூச்சு விடும்போது இரு சவ்வுகளும் உராயாமல் வழுக்கிச் செல்வதற்கு அது வேண்டும். நெஞ்சுச்சுவரின் சவ்விலுள்ள நுண்குழாய்களிலிருந்து ஊறும் இந்த நீரை, அதே சவ்வில் இருக்கும் மிகச் சிறிய துளைகள் வழியாக நிணநீர்க் குழாய்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஊற்று கூடினால் உறிஞ்சுதலையும் பல மடங்கு கூட்டிக்கொள்ளும் ஆற்றல் அந்தக் குழாய்களுக்கு உண்டு. அதையும் மீறி நீர் தேங்குகிறது என்றால் வரத்து மிகவும் அதிகமாகியிருக்க வேண்டும், அல்லது வடிகால் அடைபட்டிருக்க வேண்டும்.

இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொண்டால்தான் அபூர்வக் காரணங்கள் விளங்கும். நாம் மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போகிறது. வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தமோ அதைவிட அதிகம். ஆகவே நெஞ்சுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இடையே எங்கேனும் ஒரு சிறு ஓட்டை விழுந்தால், அந்தப் பக்கத்தில் எந்த நீர் இருந்தாலும் நெஞ்சு அதை உறிஞ்சிக்கொள்ளும். கல்லீரல் நோயில் வயிற்றில் சேரும் நீர், சிறுநீர், பித்தநீர், கணைய நீர், குடலிலிருந்து கொழுப்பை ஏற்றிவரும் நிணநீர், தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் நீர், சொட்டு மருந்தாக ஏற்றிய குளுக்கோஸ் வரை அனைத்தும் இந்த இடைவெளியில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

நீரை வகைப்படுத்தும் முதல் படியை 1972 இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். நீரிலுள்ள புரதம் இரத்தத்திலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தாலோ, எல்டிஎச் என்னும் நொதி இரத்தத்தில் உள்ளதில் 0.6 பங்கைத் தாண்டினாலோ, அந்த நொதி இரத்தத்துக்குரிய இயல்பான உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்தாலோ, சவ்வே நோயுற்றிருக்கிறது என்று பொருள். காசநோய், நிமோனியா, புற்றுநோய், மூட்டுவாத நோய்கள் எல்லாம் இந்த வகை. மூன்றில் ஒன்றும் பொருந்தவில்லை என்றால் சவ்வில் குறையில்லை; வேறோர் உறுப்பின் கோளாறினால் நீர் அங்கே வந்து சேர்கிறது. இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம், சிறுநீரில் புரதம் கழியும் நோய் ஆகியவை இந்த வகை. சிறுநீர் பிரிய மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவரிடம் மட்டும் இந்த அளவுகோல் சில வேளைகளில் தவறும். உடலிலிருந்து நீர் குறையக் குறையப் புரதம் செறிந்து, இதய நோயின் நீரும் அழற்சி நீர்போலக் காட்டும். இரத்த ஆல்புமினிலிருந்து நெஞ்சு நீரின் ஆல்புமினைக் கழித்தால் 1.2 கிராமுக்கு மேல் வருகிறதா என்று பார்ப்பது அப்போது உதவும்; வந்தால் பெரும்பாலும் சவ்வில் குறையில்லை.

இந்த அளவுகோலைத் தந்தையின் அறிக்கையில் வைத்துப் பாருங்கள். 1.6 ஐ 6.4 ஆல் வகுத்தால் 0.25 வருகிறது. காசநோயினால் சேரும் நீரில் புரதம் பெரும்பாலும் 4 கிராமைத் தாண்டியிருக்கும். ஏடிஏ 40 க்கு மேல் இருப்பதே வழக்கம். இங்கே இரண்டும் வெகுவாகக் கீழே இருக்கின்றன. லிம்போசைட் மிகுந்திருப்பது காசநோய்க்கு ஆதரவாக நிற்பது, நீர் அழற்சி வகையைச் சேர்ந்ததாக இருக்கும்போதுதான். புரதம் குறைந்த நீரில் மொத்த அணுக்களே கொஞ்சமாக இருக்கும், அவற்றில் லிம்போசைட்கள் முந்தி நிற்பது இயல்பு. காசநோய் மலிந்த நாட்டில் மருத்துவர் முதலில் அதை நினைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். நினைக்காமல் விட்டு இழந்த உயிர்கள் ஏராளம். ஆனால் அறிக்கையே மறுத்துச் சொல்லும்போது அதற்குக் காது கொடுக்க வேண்டும்.

வலப்பக்கம், எடுத்த இரண்டு வாரத்தில் மீண்டும் நிறைதல், குறைந்த புரதம், இரத்தத்தில் ஆல்புமின் 2.7 என்ற தாழ்ந்த அளவு, பழுதில்லாத இதயம் ஆகிய ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நான் முதலில் கல்லீரலைத்தான் பார்ப்பேன். நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது என்பதால் இதை ஓர் ஐயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு நெஞ்சில் நீர் சேர்கிறது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேரளவில் வலப்பக்கத்திலேயே சேர்கிறது. காரணம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தில் இருக்கிறது. கல்லீரலுக்கு மேலே உள்ள வலப்புற உதரவிதானத்தின் தசைநார்ப் பகுதியில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான மிகச் சிறிய இடைவெளிகள் சிலருக்கு இருக்கும். நலமாக இருக்கும் வரை அவற்றால் தீங்கில்லை. வயிற்றில் நீர் ஊறத் தொடங்கியதும் ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சு அதை மேலே இழுத்துக்கொள்கிறது.

குடும்பத்தாரும் சில வேளை மருத்துவர்களும் ஏமாறும் இடம் இதுதான். ஊறும் நீர் அனைத்தையும் நெஞ்சே இழுத்துக்கொண்டால் வயிறு வீங்குவதே இல்லை. மகோதரம் என்று நம் முன்னோர் பெயரிட்ட அந்தப் பெருத்த வயிறு கண்ணுக்குத் தெரியாததால், கல்லீரலை யாரும் நினைப்பதில்லை. ஐயம் தீராதபோது, சிறிதளவு கதிரியக்கப் பொருளை வயிற்றுக்குள் செலுத்திப் படம் எடுப்பார்கள். சில மணி நேரத்துக்குள் அது நெஞ்சில் ஒளிர்ந்தால் வழி திறந்திருப்பது உறுதியாகிவிடும். "அவர் குடிப்பவர் இல்லையே" என்பதும் இங்கே விடையாகாது. பல ஆண்டு நீரிழிவும் உடல் பருமனும் உள்ளவர்களுக்குக் கொழுப்பு படிந்தே கல்லீரல் சுருங்குவதை இன்று அன்றாடம் பார்க்கிறோம். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் அதைச் செய்யும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. ஏற்கெனவே சுருங்கிய கல்லீரல் அந்தச் சுமையைத் தாங்காமல் போகலாம். ஆகவே கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம், தட்டணு எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், சிறுநீரில் புரதம் ஆகியவற்றை இந்த வாரத்திலேயே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, வாந்தி விடாமல் இருந்தாலோ, பேச்சில் தடுமாற்றமும் பகலில் தூக்கமும் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கல்லீரல்தான் காரணம் என்று உறுதியானால் சிகிச்சையின் திசையே மாறிவிடும். முதல் மருந்து உப்பைக் குறைப்பது. நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நிற்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. அதோடு ஸ்பைரனோலாக்டோன், ஃப்ரூசமைடு போன்ற, சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள். அடங்காதவர்களுக்குக் கல்லீரலுக்குள் இரத்தக் குழாய்களை இணைக்கும் ஸ்டென்ட்; முடிவாகக் கல்லீரல் மாற்று அறுவை. நெஞ்சில் குழாய் பொருத்தி வடியவிடுவதை மட்டும் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். அடியில் ஊற்று இருக்கும்போது குழாய் வைத்தால் நாளுக்கு லிட்டர் கணக்கில் வடிந்துகொண்டே இருக்கும். புரதமும் உப்புகளும் போய்ச் சிறுநீரகம் கெடும், கிருமி புகும். மறுபடி மறுபடி ஊசி குத்த வேண்டாமே என்று நல்ல எண்ணத்தோடு வைத்த குழாயினாலேயே நோயாளி நலிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, கேட்கப்பட்ட அபூர்வ வகைகள். எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தவை பால்நிற நீர்கள். குடல் உறிஞ்சிய கொழுப்பு நேராக இரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீரில் கலந்து, முதுகெலும்பை ஒட்டி மேலேறும் மார்பு நிணநாளம் வழியாகக் கழுத்தின் இடப்பக்கச் சிரையில் போய்ச் சேர்கிறது. இந்த நாளம் மார்பின் கீழ்ப்பகுதியில் முதுகெலும்புக்கு வலப்புறமாகவும், ஐந்தாம் மார்பு முள்ளெலும்பின் அளவில் குறுக்கே கடந்து மேலே இடப்புறமாகவும் செல்லும். அதனால் கீழே அறுந்தால் வலப்பக்க நெஞ்சிலும் மேலே அறுந்தால் இடப்பக்க நெஞ்சிலும் நீர் சேரும். உணவுக்குழாய் அறுவை, இதய அறுவை, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவை முதன்மைக் காரணங்கள். யானைக்கால் நோயின் புழுக்கள் நிணநாளங்களை அடைத்து இப்படிச் செய்வதும் உண்டு, ஆனால் மிக அரிது.

அந்த நீர் எடுத்த ஊசிக்குழலைக் கையில் வைத்துப் பார்த்தால் ஆவின் பாலைப் போலவே இருக்கும், வாடை இருக்காது. சீழும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதால் முதலில் குழப்பம் வரும். சோதனைக்குழாயில் ஊற்றி மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் தெரிந்துவிடும்: சீழாக இருந்தால் அணுக்கள் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும், கொழுப்பாக இருந்தால் எவ்வளவு சுழற்றினாலும் பால் பாலாகவே நிற்கும். ஆனால் கண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. நோயாளி பட்டினியாக இருந்தால் இந்த நீரில் கொழுப்பு இல்லாமல் வெறும் மஞ்சள் நீராகத் தோன்றும். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பால் நிறம் இருப்பதே இல்லை. அதனால் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் அளவைக் கேட்க வேண்டும். 100 மில்லியில் 110 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் உறுதி. 50 க்குக் கீழே என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. இடைப்பட்டால் கைலோமைக்ரான் என்னும் கொழுப்புத் துகள்களைத் தேட வேண்டும்.

இந்த நோயின் கொடுமை, சாப்பிடச் சாப்பிட உடல் வற்றுவது. நாளுக்கு இரண்டு லிட்டர் வரை ஓடும் நாளம் அது. கொழுப்பும் புரதமும் நோயெதிர்ப்பு அணுக்களும் நெஞ்சுக்குள் கொட்ட, சில வாரங்களில் நோயாளி எலும்பும் தோலுமாகிவிடுவார். கொழுப்பைக் கிட்டத்தட்ட நீக்கிய உணவு, நிணநாளத்தைத் தொடாமல் நேரே கல்லீரலுக்குப் போகும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, ஆக்ட்ரியோடைடு ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் நாளத்தைக் கட்டுவது அல்லது மெல்லிய குழாய் வழியாகப் போய் உள்ளிருந்தே அடைப்பது என்று சிகிச்சை படிப்படியாகச் செல்லும். குழந்தை பெறும் வயதிலுள்ள ஒரு பெண்ணுக்கு அடிபடாமலும் அறுவை நடக்காமலும் பால்நீர் சேர்ந்தால், நுரையீரலில் நீர்க்கொப்புளங்கள்போல் வெற்றிடங்களை உண்டாக்கும் எல்ஏஎம் என்ற அரிய நோயைத் தேடி சிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். இன்று அதற்கு சிரோலிமஸ் என்ற மாத்திரை இருக்கிறது.

பால்போலத் தோன்றி ஏமாற்றும் மற்றொன்றும் உண்டு. பழைய காசநோயிலோ முடக்குவாதத்திலோ சேர்ந்த நீர் பல ஆண்டுகள் தடித்த சவ்வுக்குள் சிறைப்பட்டிருந்தால், இறந்த அணுக்களின் கொலஸ்ட்ரால் அதில் செறிந்துவிடும். குழாயை வெளிச்சத்தில் அசைத்தால் பட்டுத்துணி மின்னுவதுபோல் அந்த நீர் பளபளக்கும். நுண்ணோக்கியில் மூலை உடைந்த கண்ணாடிச் சதுரங்களாகப் படிகங்கள் தெரியும். 100 மில்லியில் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராமைத் தாண்டியிருக்கும். இதற்கும் நிணநாளத்துக்கும் தொடர்பில்லை, கொழுப்பில்லா உணவும் தேவையில்லை. மூச்சு முட்டவில்லை என்றால் பல நேரம் அப்படியே விட்டுவிடலாம்.

வயிற்றிலிருந்து ஏறும் நீர்களில் கணைய நீர் தனிக் கவனத்துக்குரியது. நாள்பட்ட கணைய அழற்சியில் கணைய நாளம் உடைந்து, நீர் பின்வயிற்று வழியாக நெஞ்சுக்குள் ஒரு பாதை போட்டுக்கொள்ளும், பெரும்பாலும் இடப்பக்கம். கணைய நீருக்கு ஒரு போக்கிடம் கிடைத்துவிடுவதால் வயிற்றுவலி இல்லாமலே போகலாம். நோயாளி மூச்சுத்திணறலோடு நுரையீரல் மருத்துவரிடம்தான் வருவார். நீரில் அமைலேஸ் என்னும் செரிமான நொதியின் அளவு ஆயிரங்களில், சில வேளை பல்லாயிரங்களில் இருக்கும். உலகின் பல பகுதிகளில் இது நெடுங்காலம் மது அருந்தியவர்களின் நோய். ஆனால் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மதுவைத் தொடாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கற்கள் சேரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி உண்டு என்பதால், "குடிப்பழக்கம் இல்லை" என்ற ஒரு வரியைப் பார்த்து அமைலேஸ் சோதனையை விட்டுவிடக் கூடாது. எண்டோஸ்கோப் வழியாக நாளத்தில் ஸ்டென்ட் வைத்தால் நெஞ்சு நீர் தானே வற்றிப்போவது உண்டு.

சிறுநீர் நெஞ்சில் சேரும் என்று சொன்னால் நம்புவதற்கே கடினமாக இருக்கும். சிறுநீர்க் குழாய் கல்லால் அடைபட்டாலோ, கல்லை நீக்க முதுகுப்பக்கமாகத் துளையிடும் அறுவையில் விலா எலும்புக்கு மேலே ஊசி சென்றாலோ, கசியும் சிறுநீர் அதே பக்கத்து நெஞ்சுக்குள் ஏறும். குப்பியைத் திறந்ததும் வரும் வாடையே சொல்லிவிடும். சிறுநீரகம் கழிக்கும் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் இரத்தத்தைவிட நீரில் மிகுந்திருப்பது சான்று. புரதம் குறைந்த நீர்களில் அமிலத்தன்மையும் காட்டுவது அநேகமாக இது ஒன்றே. அடைப்பை நீக்கினால் சில நாட்களில் நெஞ்சு காய்ந்துவிடும். நுரையீரலுக்கென்று எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

இதே முறையில் மற்றவற்றையும் புரிந்துகொள்ளலாம். பச்சை நிற நீர் என்றால் பித்தநீராக இருக்கலாம்; பித்த நிறமியான பிலிருபினை இரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வலப்பக்கம் நீர் சேர்ந்தால் அதில் குளுக்கோஸ் இரத்தத்தைவிட அதிகமாக இருக்கும். முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு தெளிந்த தண்ணீர்போல் நிறமற்ற நீர் வந்தால் மூளை-தண்டுவட நீரில் மட்டுமே மிகுந்திருக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்தின் ஒருவகையைத் தேடுவார்கள். சிவந்த நீரின் ஹிமட்டோக்ரிட், அதாவது அதிலுள்ள சிவப்பணுக்களின் பங்கு, இரத்தத்தில் உள்ளதில் பாதியை எட்டினால்தான் அதை இரத்தக்கசிவு என்று கொள்வோம். சில துளி இரத்தமே ஒரு லிட்டர் நீரைச் சிவப்பாக்கிவிடும். அமீபாவினால் கல்லீரலில் உண்டான சீழ்க்கட்டி உதரவிதானத்தைத் துளைத்து நெஞ்சில் உடைந்தால் வருவது சாக்லேட் நிறக் குழம்பு. வட இலங்கையில், யாழ்ப்பாணப் பகுதியில், கள் அருந்தும் ஆண்களிடையே இந்தக் கட்டி மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது.

இவற்றில் மணிக்கணக்கில் உயிரைப் பறிப்பது உணவுக்குழாய் கிழிவது. பலமாக வாந்தியெடுத்த உடனே தாங்க முடியாத நெஞ்சுவலியும், பெரும்பாலும் இடப்பக்கத்தில் நீரும் காற்றும் சேர்வதும் இதன் அடையாளம். இதை முதலில் விவரித்தவர் ஹாலந்தின் லைடன் நகரத்து மருத்துவர் ஹெர்மன் பூர்ஹாவே. பெருவிருந்து உண்டபின் வாந்தி வரவழைத்துக்கொண்ட கடற்படைத் தளபதி வான் வாசனார் ஒரு நாளுக்குள் இறந்துபோக, அவர் உடலைத் திறந்து பார்த்த பூர்ஹாவே, நெஞ்சுக்குள்ளிருந்து அவர் உண்ட வாத்துக்கறியின் வாசனை வந்ததை 1724 இல் எழுதிவைத்தார். நீரில் உமிழ்நீரின் அமைலேஸும் உணவுத் துணுக்குகளும் இருக்கும். இதை மாரடைப்பு என்றோ இரைப்பைப் புண் என்றோ நினைத்துக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும்.

பெண்களுக்குரிய ஒரு காரணத்தை, அது தரும் நம்பிக்கைக்காகவே விரிவாகச் சொல்கிறேன். வயிற்றில் கட்டி, வயிற்றில் நீர், நெஞ்சில் நீர் மூன்றும் சேர்ந்திருந்தால் முற்றிய சூலகப் புற்றுநோய் என்றே எல்லாரும் எண்ணுவார்கள். சூலகப் புற்றுநோயில் கூடும் சிஏ 125 என்னும் புரதத்தின் அளவும் இரத்தத்தில் கூடியிருந்தால் குடும்பமே மனம் உடைந்துவிடும். ஆனால் சூலகத்தில் வளரும் ஃபைப்ரோமா என்னும் தீங்கற்ற கட்டியும் இந்த மூன்றையும், அந்த இரத்த அளவு உயர்வையும்கூட, உண்டாக்கும். 1937 இல் ஜோ வின்சென்ட் மெய்க்ஸும் ஜான் காஸும் இத்தகைய ஏழு பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்து இது மெய்க்ஸ் நோய் எனப்படுகிறது. கட்டியை அகற்றியதும் இரண்டு நீர்களும் வற்றிவிடும், திரும்ப வராது. ஆகவே திசுப் பரிசோதனை முடிவு கையில் வராமல், "முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லை எந்தக் குடும்பமும் ஏற்க வேண்டாம்.

நகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் நோயும் ஒன்று இருக்கிறது. 1964 இல் சாம்மன், வைட் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த மஞ்சள் நக நோயில், நகங்கள் மஞ்சளாகித் தடித்து வளைந்து, வளர்ச்சியே நின்றதுபோல் ஆகிவிடும்; கால்கள் வீங்கும்; நெஞ்சில், பெரும்பாலும் இருபக்கமும், நீர் சேரும். வடிகாலான நிணநாளங்களின் குறையே காரணம் என்று கருதப்படுகிறது. அந்த நீரில் புரதமும் லிம்போசைட்டும் மிகுந்திருப்பதால் காசநோய் என்று தவறாகக் கொள்ள இடமுண்டு. நம் வீடுகளில் சமைப்பவர்களின் நகம் மஞ்சள் தூள் பட்டே மஞ்சளாக இருக்கும் என்பதால், நிறத்தைவிட நகத்தின் தடிப்பையும் வளர்ச்சியையும், கால் விரல் நகங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மருந்துகளையும் மறக்கக் கூடாது. இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்குக் கொடுக்கும் டாசடினிப் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நெஞ்சில் நீர் சேர்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபியூரன்டாய்ன், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. நீரில் ஈயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால் மருந்துப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. நெஞ்சுக்குள் காற்றோ இரத்தமோ புகுந்திருந்தாலும், சரியாக வேகாத நண்டின் வழி வரும் நுரையீரல் புழுவினாலும் அது கூடும். வடகிழக்கு இந்தியாவில், குறிப்பாக மணிப்பூரில், இந்தப் புழு நோயைக் காசநோய் என்று எண்ணிச் சிகிச்சை செய்த நிகழ்வுகள் உண்டு. டெங்குவில் சேரும் நீரைப் பொறுத்தவரை ஒரே ஒரு சொல்: காய்ச்சல் தணியும் நாட்களில் இரத்தக் குழாய்கள் கசிந்து சேரும் அந்த நீர் சில நாட்களில் தானே உறிஞ்சப்பட்டுவிடும், தட்டணுக்கள் குறைந்திருக்கும் அந்நேரத்தில் ஊசியால் அதைத் தொடாமல் இருப்பதே நலம்.

இனி, புற்றுநோயாக இருக்குமா என்ற கேள்வி. புற்றுநோய் சவ்வில் பரவினால் வரும் நீர் பெரும்பாலும் புரதம் மிகுந்தது. மிகச் சிலருக்கே குறைந்த புரதத்தோடு இருக்கும். தந்தையின் எண்களைப் பார்க்கையில் அந்த வாய்ப்பு சிறிது, ஆனால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை அனுப்பும் நீரில் புற்றணுக்கள் தென்படுவது, புற்றுநோய் உள்ளவர்களிலேயே ஐந்தில் மூன்று பேரளவில்தான். அதனால் ஒரு முறை "இல்லை" என்று வந்தது முடிவாகாது. புரதம் மிகுந்த நீர் விடாமல் சேர்ந்து, காரணமும் தெரியாமல் இருந்தால், சவ்வை நேரில் பார்த்துச் சதைத் துணுக்கு எடுக்கும் தோராகோஸ்கோப்பி செய்யச் சொல்வேன். காசநோயையும் புற்றுநோயையும் பிரித்துச் சொல்வதில் அதற்கு நிகரில்லை. தந்தையின் இப்போதைய நிலையில் அதற்கு முன் கல்லீரலும் சிறுநீரும் பார்க்கப்பட வேண்டும்.

அடுத்த முறை நீர் எடுக்கும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரத்தமும் எடுக்கப்பட்டு, புரதம், ஆல்புமின், எல்டிஎச் மூன்றும் இரண்டிலும் பார்க்கப்படட்டும். நீரில் கிரியாட்டினின், அமைலேஸ், ட்ரைகிளிசரைடு ஆகிய மூன்றையும் ஒருமுறையாவது சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். செலவு அதிகமில்லை, விடையோ பெரிது. குப்பியில் இருக்கும் நீரை வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இப்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகளோடு, நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எதுவாக இருந்தாலும் எழுதிக் கொண்டுபோங்கள். சிலவற்றுக்குக் கல்லீரலைக் கெடுக்கும் தன்மை உண்டு. மூச்சுத்திணறல் அதிகமாக இருக்கிறதே என்று ஒரே அமர்வில் முழுவதையும் எடுத்துவிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டரோடு நிறுத்துவது வழக்கம். அதற்கு முன்பே நெஞ்சு இறுக்கமோ அடங்காத இருமலோ வந்தால் உடனே சொல்லுமாறு தந்தையிடம் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரியும்போது அதற்குள்ளேயே நீர் கசியத் தொடங்கும் ஆபத்து உண்டு, அதை முதலில் அறிவிப்பது அந்த இருமல்தான்.